எந்த ஈயம்?

சின்ன விளக்குச் சுற்று ஒன்று செய்யப் போறீங்களா? வயர்களைப் பற்றவைக்க ஈயக் கம்பி வேணும். லவாலில் கடைக்குப் போனால், முதலில் சுருளில் என்ன எழுதியிருக்கு என்று படியுங்கோ.

தமிழில் ஈயம் இரண்டு. வெள்ளீயம்; பிரெஞ்சில் அது 'எத்தான்'. மற்றது காரீயம், அது 'ப்ளோம்'. சுருளில் 60/40 என்று இருந்தால் வெள்ளீயம் 60 பங்கு, காரீயம் 40 பங்கு. 190 பாகை செல்சியஸில் உருகிவிடும், வேலை சுலபம். ஆனால் காரீயம் நஞ்சு! விரலில் ஒட்டி வாய்க்குள் போகும். வளரும் மூளைக்குக் கூடாது.

நீங்கள் 'சான் ப்ளோம்', அதாவது காரீயம் இல்லாததையே எடுங்கோ. அது உருகச் சுமார் 220 பாகை வேணும். ஒட்டின இடம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பரவாயில்லை.

கம்பிக்குள் பைன் மரப் பிசின் இருக்கோணும். புகை அதிலிருந்துதான் வரும். குளிர் என்றாலும் ஜன்னலைத் திறவுங்கோ. தண்ணீர்க் குழாய் ஒட்டுகிற அமிலக் கம்பி வேண்டாம், அது செம்பை அரிக்கும். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் நிற்கட்டும்.

கேள்வி: 63/37 என்ற சுருளில் காரீயம் எத்தனை பங்கு?