பிள்ளைகளோடு சர்ரியலிசம்: வீட்டில் செய்து பார்க்கச் சில குறிப்புகள்

1. முதல் நாளே ஓவியங்களைக் காட்ட வேண்டாம். சல்வடோர் டாலியின் உருகும் கடிகாரத்தைப் பார்த்த பிள்ளை அன்று முழுக்க அதையே வரையும். முதலில் கை வேலை செய்யட்டும், ஓவியர் பிறகு வரட்டும். சர்ரியலிசம் என்றால் என்ன என்று கேட்டால் இவ்வளவு சொல்லுங்கள்: 1924இல் பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் என்ற கவிஞர் ஓர் அறிக்கை எழுதினார். கனவில் வருவதையும், யோசிக்காமல் கையில் வருவதையும் அப்படியே எழுதலாம், வரையலாம் என்பது அவருடைய கூட்டத்தாரின் எண்ணம்.

2. தேய்த்து எடுப்பது. 1925இல் ஓவியர் மாக்ஸ் ஏர்ன்ஸ்ட், கடலோர விடுதியொன்றின் பழைய பலகைத் தரையில் கடதாசி விரித்துப் பென்சிலால் தேய்த்தார். மரத்தின் ரேகைகளுக்குள் அவருக்குக் காடுகளும் பறவைகளும் தெரிந்தன. மாத்தளை மாவட்டத்து நாலந்தாப் பக்கம் கொக்கோ இலையும் பலா இலையும் தாராளமாகக் கிடைக்கும். பன்பாய், நீத்துப்பெட்டி, பிரம்புக் கதிரை எல்லாமே உதவும். இலையின் நரம்புப் பக்கம் மேலே இருக்க வேண்டும், கடதாசி மெல்லியதாக இருக்க வேண்டும். மெழுகுப் பெஸ்டலின் உறையைக் கழற்றி, படுக்கையாகப் பிடித்துத் தேய்த்தால் நரம்பு தெளிவாக விழும். காய்ந்த இலை நொறுங்கிவிடும், ஆகவே பச்சை இலையே நல்லது. பிறகு கடதாசியை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கட்டும். ஏதாவது உருவம் தெரிந்தால் அதற்கு ஒரு கண், ஒரு கால், அவ்வளவுதான் சேர்க்க வேண்டும்.

3. நாலந்தா கெடிகேயில் இதைச் செய்யவே கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம் அது, தேய்த்தால் கல் கெடும். அங்கே கொப்பியும் பென்சிலும் கொண்டுபோய்ப் பார்த்து வரையட்டும். பௌத்தர்களின் வழிபாட்டிடமாக இருந்தும், பார்வைக்கு மாமல்லபுரத்துப் பல்லவக் கோவில்களை நினைவூட்டும் கட்டடம் அது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்க, கல் கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்பக் கட்டினார்கள். இதைக் கேட்டால் பிள்ளைகளுக்குக் கேள்வி பிறக்கும். அங்குள்ள குள்ளக் கணங்களைக் காட்டி, “கல்லை மாற்றி வைத்த இரவு இவர் எங்கே போய்ப் படுத்திருப்பார்?” என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை வரையட்டும்.

4. மடித்து வரைவது. பிரெத்தோனின் நண்பர்கள் மாலைப்பொழுதுகளில் விளையாடியது. கடதாசியை மூன்றாக மடியுங்கள். ஒருவர் தலையை வரைந்து மறைக்க வேண்டும். கழுத்துக் கோடு மட்டும் சற்றுக் கீழே நீண்டிருக்கட்டும். அடுத்தவர் உடம்பு, மூன்றாமவர் கால். அம்மம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் வரையும் காலுக்குத்தான் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். விரித்துப் பார்த்த பிறகு மகரத்தைப் பற்றிச் சொல்லுங்கள்: யானையின் துதிக்கை, முதலையின் வாய், மீனின் உடம்பு. கோவில் தூணில் நிற்கும் யாளியும் அந்த இனம்தான். பாரிஸுக்கு எவ்வளவோ காலம் முன்பே நம் சிற்பிகள் இப்படிச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

5. அழுத்தி எடுப்பது. பளபளப்பான பழைய கலண்டர்த் தாளில் தண்ணீர் கொஞ்சமாகச் சேர்த்த கெட்டி வர்ணத்தைப் பூசி, இன்னொரு தாளை மேலே வைத்து அழுத்திச் சட்டென்று உரியுங்கள். பாறையும் பாசியும் போல வரும். 1930களில் ஓவியர் ஒஸ்கார் டொமிங்கெஸ் கையாண்ட முறை இது.

6. வெட்டி ஒட்டுவது. பழைய பத்திரிகை, மொட்டைமுனைக் கத்தரிக்கோல், பசை போதும். ஒரே ஒரு விதி: அளவு மாறியிருக்க வேண்டும். பஸ்ஸை விடப் பெரிய மிளகு, தேநீர்க் கோப்பைக்குள் மாத்தளை மலை. நம் நாட்டில் லயனல் வென்ட் (1900–1944) புகைப்படங்களை இப்படிச் சேர்த்துப் பார்த்தவர். 1943இல் கொழும்பில் உருவான ‘43 குழு’ என்ற ஓவியர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றவரும் அவரே. அவருடைய படங்களைப் பெரியவர்கள் முதலில் பார்த்து, பிள்ளைக்கு ஏற்றதை எடுத்துக் காட்டலாம்.

7. மெழுகுவர்த்திப் புகையால் வரையும் முறையும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

8. “இது என்ன?” என்று கேட்டால் பிள்ளை உடனே ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடும். “இங்கே என்ன நடக்குது?” என்று கேளுங்கள், கதை வரும். அதை அவர்கள் சொல்லும் பேச்சிலேயே படத்தின் பின்பக்கம் எழுதி, திகதியும் போட்டு வையுங்கள். வானத்துக்கு நீலம்தான் என்று திருத்த வேண்டாம்.

9. பெஸ்டல் படங்களை அடுக்கும்போது இடையில் ஒரு வெற்றுத்தாள் வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் நிறம் மற்றதில் ஒட்டும். மழைக் காலத்தில் சுவரோடு ஒட்டாமல் தகர டப்பாவில் வைத்தால் பூஞ்சணம் பிடிப்பது குறையும்.