சோளப் பயிரும் கறவை மாடும்

சாத்தூரை அடுத்த அச்சங்குளம் வட்டாரத்தில் நிலம் கரிசல். மழையை நம்பிய வெள்ளாமை. மாட்டுக்கு ஆண்டு முழுவதும் கைகொடுப்பது படப்பில் அடுக்கிய சோளத்தட்டைதான். காய்ந்த தட்டையால் தீங்கில்லை. இளம் பயிரில்தான் எமன் இருக்கிறான்.

முழங்கால் உயரச் சோளப் பயிரிலும், வறட்சியில் வாடிய பயிரிலும், அறுத்த கட்டையில் மழைக்குப்பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் நஞ்சு உண்டாகும் பொருள் மிகுந்திருக்கும். பசியோடு காட்டில் இறங்கிய மாடு இதை வயிறு முட்ட மேய்ந்தால் சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி, தள்ளாடி விழும். இரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஆகிய மருந்துகளைக் கால்நடை மருத்துவர் நரம்பில் ஏற்றினால் பிழைக்க வழியுண்டு. ஆனால் மருத்துவர் வரும்வரை மாடு தாங்குவது அரிது. ஆகவே பாதிப் பயிராவது பூத்த பிறகே அறுத்துப் போட வேண்டும். சோளக் காட்டோரம் மேய்க்கும் நாளில் முதலில் கொஞ்சம் தட்டை தின்னக் கொடுத்து ஓட்டுவது நல்லது.

பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வெடியுப்பு வந்த காலிச் சாக்கில் தவிடோ புண்ணாக்கோ கட்டி வைக்கக் கூடாது, கழுவினாலும் கூடாது. உப்புச் சுவைக்காக மாடு சாக்கையே நக்கும். நைட்ரேட் மாட்டின் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி இரத்தத்தைக் கெடுக்கும். இதில் இரத்தம் பழுப்பு நிறமாகும். மருந்தும் வேறு. முன்னதற்குரிய சோடியம் நைட்ரைட்டை இங்கே கொடுத்தால் நிலைமை முற்றும். மாடு எதைத் தின்றது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது இதனால்தான்.

தட்டையில் புரதம் குறைவு. நறுக்கிப் போட்டால் வீணாவது குறையும். ஆனால் சத்துக் கூடாது. மானாவாரியில் வேலிமசால் வரும். கொழுக்கட்டைப் புல்லும் வரும். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தவிடும் சேர்ந்த கலப்புத் தீவனம், உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோவும், கறக்கும் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ வீதமும் தேவை. தாது உப்புக் கலவையைத் தினமும் 30 முதல் 50 கிராம் சேர்க்க வேண்டும். இதை விட்டால் மாடு பருவத்துக்கு வருவதே தள்ளிப் போகும்.

பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும். வந்தால் ஒரு நாள் நிற்பதே பெரிது. வீட்டார் அனைவரும் காலையில் வேலைக்குப் போய்விடும் குடும்பங்களில் அது கண்ணில் படாமலே கழிந்துவிடுகிறது. மூன்று பருவம் தவறினால் இரண்டு மாதத் தீவனம் நட்டம். விடியற்காலையிலும் இரவு படுக்கும் முன்பும் கால்மணி நேரம் தொழுவத்தில் நின்று பார்த்தாலே போதும். கத்துதல், பால் குறைதல், அடிக்கடி சிறுநீர் விடுதல், கண்ணாடி போன்ற கோழை தொங்குதல் ஆகியவை அடையாளங்கள். காலையில் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்விக்க வேண்டும். தேதியைச் சுவரில் எழுதி வைத்து, 21ஆம் நாள் மறுபடி கவனிக்க வேண்டும். மாடு கத்தவில்லை என்பதாலேயே சினை என்று இருந்துவிடக் கூடாது. மூன்றாம் மாதம் மருத்துவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2022இல் பல மாநிலங்களில் மாடுகளை வாட்டிய பெரியம்மைக்கும் ஈ, கொசு வழியே பரவும் குணமுண்டு. மாலையில் தொழுவத்தில் வேப்பிலைப் புகை போடலாம், பட்டாசுக் கழிவு எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாக இருந்தால்.