ரியோஹாவுக்கு எது தோது?

கேள்வி: துபாயிலிருந்து வந்த மருமகன் ‘ரியோஹா கிரியான்ஸா’ என்ற ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயின் தந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்போடு பரிமாறலாமா?
– வாசகர், கரையான்சாவடி

பதில்: கறி சரி, குழம்பின் காரம்தான் இடிக்கும்.

ரியோஹா, வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றை ஒட்டிய பகுதி. அங்கே முதன்மையான திராட்சை டெம்ப்ரனீயோ. கிரியான்ஸா என்ற சிவப்பு ஒயின் குறைந்தது 2 ஆண்டு முதிர்ந்திருக்கும். அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில். அதன் துவர்ப்பைக் கொழுப்பும் புரதமும் அடக்கும். அதனால்தான் அவ்வூரார் ஆட்டுக்குட்டி விலாவைத் திராட்சைக்கொடித் தணலில் சுட்டு இதோடு சாப்பிடுகிறார்கள்.

மிளகாயோ ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டிவிடும். ஆகவே மிளகை மட்டாகப் போட்ட மட்டன் சுக்கா, காரம் குறைந்த பிரியாணி, சைவத்துக்கு நெய்யில் வதக்கிய காளான் செய்யுங்கள். வஞ்சிர வறுவல் வேண்டாம்; ஒயினிலுள்ள இரும்பு, மீன் எண்ணெயோடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்பும்.

நம் ஊர் வெயிலுக்கு, ஃபிரிட்ஜில் குளிரவைத்து 16–18 டிகிரியில் ஊற்றுங்கள். மிச்சத்தை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.