காளான் பொடி விற்குமுன் கவனிக்க வேண்டியவை



கூட்டு மருந்து, சத்துமாவு, மூலிகைத் தேநீர் ஆகியவற்றுடன் இப்போது ரீஷி, கார்டிசெப்ஸ், சாகா என்ற பெயர்களில் காளான் பொடிகளும் மாத்திரைகளும் விற்பனைக்கு வருகின்றன. விழுப்புரம், திண்டிவனம் மொத்தக் கடைகளானாலும், முகையூர் ஒன்றியத்துச் சிறு மளிகைக் கடையானாலும், கொண்டு வரும் முகவர் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: "இயற்கைப் பொருள், பக்க விளைவே கிடையாது." இவ்வாசகத்தை நம் வாயால் வாடிக்கையாளரிடம் திரும்பச் சொல்லலாமா என்பதே இந்தப் பாடம்.

சாகா தந்த பாடம்

சாகா என்பது குளிர் நாடுகளில் பூர்ஜ மரத்தில் வளரும் கருநிறப் பூஞ்சை. ஜப்பானில் கல்லீரல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 72 வயதுப் பெண்மணி ஒருவர், இதன் பொடியை நாளொன்றுக்கு 4 முதல் 5 தேக்கரண்டி வீதம் 6 மாதம் உட்கொண்டார். சிறுநீரகம் செயலிழந்தது, டயாலிசிஸ் தொடங்க வேண்டியதாயிற்று. சிறுநீரகத் திசுவைச் சோதித்தபோது அதில் ஆக்சலேட் படிகங்கள் காணப்பட்டன. இச்செய்தி 2014-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஆக்சலேட் என்பது சில தாவரங்களிலும் பூஞ்சைகளிலும் இயற்கையாகவே உள்ள பொருள். அளவுடன் உண்டால் உடல் அதை வெளியேற்றிவிடும். பொடியாகவோ சாறாகவோ செறிவாக்கி நாள்தோறும் உட்கொண்டால், அது கால்சியத்துடன் சேர்ந்து ஊசி போன்ற படிகமாகிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடும். வெயிலில் உழைத்துப் போதிய தண்ணீர் குடிக்காதவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். நம் வாடிக்கையாளரில் பலர் அத்தகையோரே.

இது எங்கோ ஜப்பானில் நடந்தது என்று ஒதுக்கிவிட முடியாது. கேரளத்தில் இரும்பன் புளி எனப்படும் பிலிம்பிக்காயின் சாற்றைக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டதை, 5 மருத்துவமனைகளின் மருத்துவர்கள் 2013-இல் எழுதினர். எழுவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காரணம் அதே ஆக்சலேட். குழம்பில் போடும் காய்தான். கெட்டிச் சாறாக்கி மருந்துபோல் குடித்ததே வினையாயிற்று.

மற்ற காளான்கள்

கார்டிசெப்ஸ் சிறுநீரகத்திற்கு நல்லது என்று சொல்லியே விற்கிறார்கள். சீனாவில் நடந்த 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, அவை தரம் குறைந்தவை என்றும், உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை என்றும் 2014-இல் தெரிவித்தது. 2016-இல் சீன அரசு, சந்தையில் எடுத்த கார்டிசெப்ஸ் மாதிரிகளில் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை ஆர்சனிக் இருப்பதாக எச்சரித்தது. அங்கு அனுமதிக்கப்பட்ட அளவு 1 மில்லிகிராமே. காளான் தான் வளரும் இடத்திலுள்ள உலோகங்களை எளிதில் உறிஞ்சும் இயல்புடையது. ஈயம், காட்மியம் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுப்பவை.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக் கொண்டவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அவர்கள் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை ஆயுள் முழுதும் உண்பவர்கள். "எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்" என்று விற்கப்படும் பொடி அதற்கு நேர் எதிரானது.

இவ்வளவும் சொன்னதால் சமையலுக்கு விற்கும் சிப்பிக் காளானையும் மொட்டுக் காளானையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவை உணவு. சிறுநீரக நோயாளிகள் மட்டும் அதிலுள்ள பொட்டாசியம் கருதி மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும்.

சட்டம் சொல்வது

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி, இத்தகைய துணை உணவின் டப்பாவில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். "மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல" என்ற பொருள்படும் ஆங்கில வாசகமும், நாளொன்றுக்கு உட்கொள்ளும் அளவும், அதை மீறக் கூடாது என்ற எச்சரிக்கையும் வேண்டும். தவறான முத்திரையிட்ட பொருளுக்கு 3 இலட்சம் ரூபாய் வரையும், தவறான விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு. சர்க்கரை நோய், புற்றுநோய், சிறுநீரகக் கல் ஆகியவற்றைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முகவர் தந்த அத்தகைய அட்டையை நம் கடையில் தொங்கவிட்டால் நாமும் அதற்குப் பொறுப்பாவோம்.

பொருளை யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளரும் சட்டப்படி பொறுப்பாவார். மொத்த வியாபாரி தரும் பில்லையே சட்டம் உத்தரவாதமாக ஏற்கிறது. ஆகவே பில் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

கல்லாப்பெட்டி அருகே எழுதி வைக்க

1. உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இல்லாத டப்பாவை வாங்காதீர். காளான் பொடியை உதிரியாகப் பொட்டலம் கட்டி விற்காதீர்.

2. "சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். உண்டென்றால், டப்பாவை மருத்துவரிடம் காட்டிய பிறகு வாங்கிக் கொள்ளச் சொல்லுங்கள்.

3. நோய் தீரும் என்று ஒருபோதும் சொல்லாதீர். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்.

4. வாங்கிச் சென்றவருக்குக் கால், முகம் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பொடியை நிறுத்தி, டப்பாவுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்லச் சொல்லுங்கள். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும்.

ஒரு டப்பாவில் கிடைக்கும் கமிஷன் அன்றோடு தீர்ந்துவிடும். டயாலிசிஸ் தொடங்கியவரோ வாரம் இரண்டு மூன்று நாள் வேலையை விட்டு மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும்; அந்தக் குடும்பம் நம் கடையில் வாங்கும் அரிசி, பருப்புகூடக் குறைந்துபோகும். "அண்ணாச்சி, இதைச் சாப்பிடலாமா?" என்று நம்மைக் கேட்பவரிடம், "டாக்டரைக் கேட்டு வாருங்கள்" என்று சொல்வதால் நம் வியாபாரம் குறையாது; நம் சொல்லுக்கு மதிப்பு கூடும்.