மூச்சே இசையாகும்

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். விடியற்காலையில் தேயிலைச் செடிகளின் மீது பனிமூட்டம் படர்ந்திருக்கும். கோயில் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் ஒலிக்கும். இப்பாடல்களைக் கேட்டுக்கொண்டே தோட்டத்துப் பிள்ளைகள் வளர்கின்றனர். ஆனால், அவற்றுள் ஒன்றையேனும் தாமே வாசிக்க வேண்டும் என்று நினைப்பவர் சிலரே. "அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும், நகரத்தில் வகுப்புக்குப் போக வேண்டும்" என்று கூறிப் பலர் அந்த ஆசையை விட்டுவிடுகின்றனர்.

உண்மையில், தொடங்குவதற்குத் தேவையான கருவி பலருடைய வீட்டு இழுப்பறையிலேயே கிடக்கிறது. தொடக்கப்பள்ளி இசைக்கல்வியில் வாசித்த ரெக்கோர்டர்தான் அது. ஆறாம் ஆண்டு முடிந்த பிறகு அதனை எடுத்துப் பார்ப்பவர் குறைவு. அந்தச் சிறிய குழலில் இறைவனைப் போற்றும் இசையை வாசிக்க முடியுமா? இதற்கு விடை காண, ஆடு மாடு மேய்த்த ஓர் இசைக் கலைஞரின் வரலாற்றைப் பார்ப்போம்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம் ஆனாய நாயனாரைப் பற்றிக் கூறுகிறது. அவர் மழநாட்டுத் திருமங்கலத்தில் ஆயர் குலத்தில் பிறந்தவர். நாள்தோறும் பசுக்களை மேய்க்கச் செல்லும்போது புல்லாங்குழலையும் கொண்டு செல்வார். ஒரு கார்காலத்தில் பூத்துக் குலுங்கிய கொன்றை மரம் ஒன்று அவருக்குச் சிவபெருமானாகவே தோன்றியது. அதன் எதிரே நின்று, 'நமசிவாய' என்னும் ஐந்தெழுத்தை முல்லைப் பண்ணில் வாசித்தார். பசுக்கள் அசைபோடுவதை மறந்தன. கன்றுகள் பால் குடிப்பதை நிறுத்தின. பாம்பும் மயிலும் பகை மறந்து ஒன்றாக நின்றன என்று சேக்கிழார் பாடுகிறார். அரசவையில் இருந்தவர் அல்லர் ஆனாயர். மேய்ச்சல் நிலத்தில் உழைத்தவர். அவர் கையில் இருந்தது துளையிட்ட மூங்கில் துண்டுதான்.

ஆனாயர் வாசித்த மெட்டு சுரக்குறிப்பாக நமக்குக் கிடைக்கவில்லை. எனினும், முல்லைப் பண்ணை இன்றைய மோகன இராகத்தோடு இசை அறிஞர் பலர் ஒப்பிடுகின்றனர். மோகனத்தில் ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களே உண்டு. ம, நி ஆகிய இரண்டும் இல்லை. அதனால், இது தொடக்க நிலை மாணவருக்கு ஏற்ற இராகமாகும். ஐந்து சுர இசை நமக்கு மட்டும் உரியதன்று. சீனர், ஜப்பானியர், ஸ்காட்லாந்து மக்கள் ஆகியோரின் நாட்டுப்புற இசையிலும் அது உண்டு. கிறிஸ்தவர்கள் பாடும் 'அமேசிங் கிரேஸ்' என்னும் பாடலின் மெட்டும் ஐந்து சுரங்களில் அமைந்ததே.

இனி, பயிற்சியைத் தொடங்குவோம். ரெக்கோர்டரின் மேற்பகுதியை இடக்கையாலும் கீழ்ப்பகுதியை வலக்கையாலும் பிடிக்க வேண்டும். மேல் சுரத்திலிருந்து கீழே இறங்குவது எளிது.

மேல் ச: இடக்கைப் பெருவிரலும் நடுவிரலும் துளைகளை மூடும்.
த: இடக்கைச் சுட்டுவிரலும் சேரும்.
ப: இடக்கை மோதிரவிரலும் சேரும்.
க: வலக்கைச் சுட்டுவிரலும் நடுவிரலும் சேரும்.
ரி: வலக்கை மோதிரவிரலும் சேரும்.
கீழ் ச: வலக்கைச் சுண்டுவிரலும் சேர்ந்து எல்லாத் துளைகளும் மூடப்படும்.

ப என்னும் சுரத்திலிருந்து க என்னும் சுரத்திற்கு வரும்போது இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். தொடக்கத்தில் பலர் தடுமாறும் இடம் இதுவே. ஒரு விரல் முந்தினால் இடையில் வேண்டாத ஒலி ஒன்று கேட்கும். ஆகவே, இந்த ஓர் இடத்தை மட்டும் மெதுவாகப் பலமுறை வாசித்துப் பழக வேண்டும்.

விரலைவிட மூச்சே முக்கியம். கீழ்ச் சுரங்களைப் பலமாக ஊதினால் குழல் கீச்சிடும். சூடான தேநீரை மெல்ல ஊதி ஆற்றுவது போன்ற இளமூச்சே அங்குத் தேவை. ஒவ்வொரு சுரத்தையும் தொடங்கும்போது 'தூ' என்று நாவால் ஓசையின்றிச் சொல்லி ஊதினால் ஒலி தெளிவாகப் பிறக்கும். கேமரன் மலையின் குளிரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழலினுள் உள்ள காற்று குளிர்ந்திருந்தால் சுருதி தாழும். மூச்சிலுள்ள ஈரம் நீர்த்துளியாகிக் காற்றுப் பாதையை அடைக்கும். எனவே, வாசிப்பதற்கு முன் குழலின் தலைப்பகுதியை உள்ளங்கைகளில் சற்று நேரம் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும்.

ஐந்து சுரங்களும் கைவந்த பிறகு ஐந்தெழுத்தை வாசித்துப் பார்க்கலாம். ந, ம, சி ஆகியவற்றை ச, ரி, க எனவும், 'வா' என்பதைப் ப சுரத்தில் நீட்டியும், 'ய' என்பதை த சுரத்திலும் வாசிக்கலாம். பிறகு, அதே வழியில் கீழே இறங்கலாம். இது பயிற்சிக்காக அமைத்த எளிய வரிசையே. வாயால் முதலில் பாடிவிட்டுக் குழலில் வாசித்தால் மெட்டு மனத்தில் பதியும்.

ரெக்கோர்டருக்கு ஓர் எல்லை உண்டு. நம் இசைக்கு உயிர் தரும் கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் வாசிப்பதை, அதில் முழுமையாகக் கொண்டுவருவது கடினம். அதற்கு மூங்கில் புல்லாங்குழலே ஏற்றது. அதில் உதட்டைக் குவித்து ஊதி ஒலியை நாமே உருவாக்க வேண்டும். முதலில் வெறும் காற்றுதான் வரும். ஆயினும், மூச்சையும் விரலையும் முன்பே பழக்கியவர் மனம் தளரமாட்டார். கும்பகோணத்தைச் சேர்ந்த சரப சாஸ்திரி (1872–1904) பார்வையற்றவர். அவரே புல்லாங்குழலைக் கருநாடக இசைக் கச்சேரி மேடையில் தனித்து ஒலிக்கச் செய்த முன்னோடியாகப் போற்றப்படுகிறார்.

மூங்கிலில் இசை கண்டவர் தமிழர் மட்டுமல்லர். நம் நாட்டுப் பூர்வகுடியினரான செமாய், தெமியார் மக்கள் மூக்கால் ஊதும் மூங்கிற்குழலை வாசிக்கின்றனர். மூங்கில் வளரும் மலையில் மனிதனின் மூச்சு இசையாவது இயல்புதானே!

கார்த்திகை மாதத்து அத்த நட்சத்திரத்தில் ஆனாயரின் குருபூசை நடைபெறும். அந்நாளில் ஒலிபெருக்கியைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு, தோட்டத்துக் கோயிலில் ஒரு மாணவர் ஐந்து சுரங்களை வாசிக்கட்டும். ஓரிரு சுரம் பிசகலாம், அதனால் குறையில்லை. பாட்டியும் தாத்தாவும் வேலை முடிந்து பாடிய பாடல்கள் அடுத்த தலைமுறையின் மூச்சிலும் வாழும். அதற்கு முதல் வேலை, இழுப்பறையைத் திறப்பதே.