கார் திறனை அளக்க மலிவான கருவி: வாங்கும் முன்...

மைலேஜ் குறைகிறது, பிக்கப் இல்லை என்று சந்தேகமா? மெக்கானிக்கிடம் போகும் முன் நீங்களே அளந்து பாருங்கள். காரின் தகவல்களைத் தரும் ஓபிடி சாக்கெட்டில் செருகி, அவற்றைப் போனில் காட்டும் சிறு அடாப்டர்தான் அந்தக் கருவி.

1. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத பழைய காரில் அடாப்டரைச் செருக இடமே இருக்காது.

2. ஆண்ட்ராய்டு போனுக்குச் சாதாரண புளூடூத் அடாப்டர் போதும். ஐபோனுக்கு வைஃபை அல்லது புளூடூத் எல்இ மாடல் கேளுங்கள், சாதாரண புளூடூத் பொதுவாக இணையாது.

3. அடிமாட்டு விலைக்கு வரும் ‘இஎல்எம்327’ சிப்பின் நகல் உள்ள அடாப்டர்களைத் தவிர்த்துவிடுங்கள். சில கார்களில் இணைப்பே கிடைக்காது, கிடைத்தாலும் பாதியில் அறுந்துபோகும். திருப்பித் தரும் வசதியோடு வாங்கி, அன்றைக்கே செருகி, ஆர்பிஎம்மும் கூலன்ட் வெப்பமும் போனில் மாறிக்கொண்டே வருகின்றனவா என்று பாருங்கள்.

4. பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரம்தான் வேண்டுமென்றால், நொடிக்கு 10 முறை பதியும் ஜிபிஎஸ் கருவியாக வாங்குங்கள். போனின் ஜிபிஎஸ் பெரும்பாலும் நொடிக்கு ஒரு முறைதான் பதியும், 100 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியில் கார் 28 மீட்டர் ஓடிவிடும். இந்தச் சோதனை பொதுச் சாலையில் வேண்டவே வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடத்தில், அனுமதியோடு மட்டும் செய்யுங்கள்.

5. வண்டியை நிறுத்தியதும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். செருகியபடியே விட்டால் பேட்டரி இறங்கும்.