பெட்டியை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்!

நாம் பாலிடெக்னிக்கில் காலடி வைத்த நாளிலிருந்து நம் தெருவுக்கு நாம்தான் என்ஜினீயர். மிக்ஸி ஓடவில்லையா, தம்பியைக் கூப்பிடு. ஃபேன் சுற்றவில்லையா, தம்பியைக் கூப்பிடு. இப்போது அந்த வரிசையில் இன்டர்நெட்டும் சேர்ந்துவிட்டது. "நெட் ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா, புது ரவுட்டர் வாங்கிடலாமா?" என்று எதிர் வீட்டு மாமா கேட்டால் தலையாட்டுவது சுலபம். ஆனால் போவது அவருடைய பணம். பெட்டி மாறியும் வேகம் மாறவில்லை என்றால் அப்புறம் அந்தத் தெருவில் நம் டிப்ளமாவுக்கு என்ன மரியாதை? எனவே கடைக்குப் போகும் முன் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கம்பெனிக்காரர்கள் 100 எம்.பி.பி.எஸ். என்கிறார்களே, அது டாக்டர் படிப்பு அல்ல. நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, நமக்குக் கிடைப்பது அதிகபட்சம் நொடிக்கு 12.5 மெகாபைட். 1500 மெகாபைட் படம் இறங்க இரண்டு நிமிடம் ஆனால் அது ஸ்லோ இல்லை, சரியான வேகமே!

அடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு ஒரு லேப்டாப்பை நேரடியாக வயரில் மாட்டி வேகத்தைச் சோதியுங்கள். முழு வேகம் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, குறை வைஃபையில்தான். ஆனால் 200, 300 பிளான் போட்டும் 94, 95 என்று சுவரில் முட்டினாற்போல் நிற்கிறதா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எட்டு கம்பியின் கதை

லேன் கேபிளின் உள்ளே எட்டு கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும்: 1-2, 3-6 என்ற பின்கள். 1000 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரே ஒரு கம்பி சரியாகக் கடிபடாமல் போனாலும் இரண்டு பக்கக் கருவிகளும் பேசிப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கம்ப்யூட்டரில் லிங்க் ஸ்பீடு என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் வயர், கனெக்டர், இல்லாவிட்டால் போர்ட். ஆம், போர்ட்டையும் பார்க்க வேண்டும். அட்டைப் பெட்டியில் 1200 என்று பெரிதாக அச்சடித்த சில ரவுட்டர்களின் பின்னால் இருப்பது வெறும் 100 மெகாபிட் போர்ட்தான். அந்த 1200 வைஃபைக்கான கூட்டுத் தொகை!

கிரிம்பிங் செய்யும்போது "ரெண்டு பக்கமும் ஒரே வரிசையா இருந்தா போதும்பா" என்று சொல்பவர்கள் உண்டு. இது தவறு, ஏனென்று பாருங்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பது அழகுக்காக அல்ல. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சம அளவில் விழும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். இப்போது ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக வைத்தால் என்ன ஆகும்? பின் 3-ல் பச்சை-வெள்ளை, பின் 6-ல் நீலம். இரண்டும் ஒரே முறுக்கில் இல்லை, ஜோடி உடைந்துவிட்டது. டெஸ்டரில் போட்டால் எட்டு விளக்கும் ஜோராக எரியும், ஏனென்றால் அது பார்ப்பது கம்பி தொடர்ச்சி மட்டும்தான். நீளம் கூடினால் டேட்டா தடுமாறும்.

சரியான வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன். கிளிப் கீழ்ப்பக்கம், வயர் நம் பக்கம் இருந்தால் இடதுகோடி 1. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

தாமிரமா, அலுமினியமா?

கடையில் இரண்டு சுருள் இருக்கும். இரண்டிலும் கேட் 6 என்றே அச்சடித்திருக்கும், ஒன்று பாதி விலை. பாதி விலைச் சுருள் பெரும்பாலும் தாமிர முலாம் பூசிய அலுமினியம். ஒரு கம்பியை வெட்டி, வெட்டிய முனையைப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். கையில் தூக்கினாலே லேசாக இருக்கும், நாலு தடவை வளைத்தால் ஒடியும்.

நம்மிடம் மல்டிமீட்டர் இருக்கிறதே! கேபிளின் ஒரு முனையில் ஒரு ஜோடியை முறுக்கிச் சேர்த்துவிட்டு மறுமுனையில் ஓம் அளவைப் பாருங்கள். 100 மீட்டருக்கு 18.76 ஓம் தாண்டக் கூடாது என்பது தர அளவு. அலுமினியம் என்றால் 25 பக்கம் போகும். 20 மீட்டர் துண்டானால் ஐந்தில் ஒரு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மீட்டர் லீடின் தடையைக் கழிக்க மறக்க வேண்டாம். அதே வயரில் கரண்டும் ஏற்றி மாடிக் கேமராவை ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: வோல்டேஜ் இறங்கும், வயர் சுடும். வீட்டுக்கு நல்ல தாமிரத்தில் கேட் 5இ இருந்தாலே 100 மீட்டர் வரை 1000 மெகாபிட் போகும். போலி கேட் 6-ஐவிட அதுவே மேல் என்பேன்.

வைஃபைக்கு வருவோம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், 2.4 தூரம் போகும், ஆனால் கூட்டம் அதிகம். 2.4-ல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுவது நியாயமில்லை! பாஸ்வேர்டு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3-ல் இருக்கட்டும். ரவுட்டரின் உள்ளே நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

மாடிக்கு எட்டவில்லை என்றால் பழைய ரவுட்டரே போதும், புதிது வேண்டாம். முதல் பெட்டியின் விலாசம் 192.168.1.1 என்றால் பழையதற்கு 192.168.1.2 கொடுத்து, அதன் டி.எச்.சி.பி.யை அணைத்து, லேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்கு நல்ல வயர் இழுங்கள். அணைக்காவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு பேர் விலாசம் வழங்குவார்கள். எதிர்பாராத நேரத்தில் நெட் நிற்கும்.

கடைசியாக அடாப்டர். தொலைந்துபோனால் கையில் கிடைத்ததைச் சொருகாதீர்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. ப்ளஸ் நடுவிலா வெளியிலா என்பதற்கு லேபிளில் சின்னப் படம் போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டுச் சொருகுங்கள். பவர்கட்டுக்கு மினி யூ.பி.எஸ். வாங்கும் போதும் இதே மூன்றைத்தான் பார்க்க வேண்டும். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது புகைந்தாலும் புகையும்.